வாசலைப் பார்த்து நிற்கும் குதிரை

இரவு இஷா தொழுகை முடிந்து தெற்குவாசல் வட்டாரமே பாயை விரிக்கிற நேரத்தில் அப்துல் வஹீது ராவுத்தர் மடக்கு நாற்காலியை விரித்தார். வீட்டுக்குள் அல்ல, வாசலுக்கு வெளியே, சந்தில். முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்ந்தால் கண் சொருகிவிடும் என்பது ஒரு காரணம். அந்த வீட்டு ஆண்கள் தெருவில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பது இன்னொரு காரணம்.

அவருக்கு முன்னால் தௌலத் நின்றது. ஏழு வயதுப் பெட்டைக் குதிரை. இருட்டில் நின்றால் இருட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத கருப்பு. அந்த ஜமாத்தில் எந்த மாப்பிள்ளையும் ராவுத்தர் வீட்டுக் குதிரையில் ஏறாமல் நிக்காஹ்வுக்குப் போனதில்லை. வாடகை என்ற பேச்சே கிடையாது. மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலைத் தட்டோடு வந்து, வாசலில் நின்று, குதிரை வேண்டும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் ராவுத்தர் வீட்டுக்குக் கிடைக்கிற வரும்படி.

வீட்டுக்குப் பின்னால் லாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதில் வத்தல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கயிற்றுக்கடை வியாபாரம் படுத்துப்போன வருஷத்தில், மகன் நூருல் அமீன் லாயத்தை ஒரு மிளகாய் வியாபாரிக்கு விட்டுவிட்டான். மிளகாய் நெடியில் குதிரை ஓயாமல் இருமியது. கண்ணிலிருந்து நீராக வடிந்தது. ஆகவே சந்துக்கு வந்தது.

அது முட்டுச் சந்து. ராவுத்தர் வீடு அதன் கடைசியில், சந்து முனையைப் பார்த்தபடி இருந்தது. பாதி வழியில் காதர் மைதீனுடைய லாரி செட். ராத்திரி வருகிற லாரிகளெல்லாம் முனையில் திரும்பி, பின்பக்கமாகவே சந்துக்குள் ஏறி வந்து சரக்கு இறக்கும்.

குதிரையைக் கட்டுவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. முகம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். தீனி போடுகிற வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்கிற குதிரை வீட்டையே அவமதிக்கிறது என்பது பாட்டனார் காலத்துச் சொல். லாயத்தில் இருந்தவரை அந்தச் சொல்லால் யாருக்கும் கெடுதல் இல்லை. சந்தில் அப்படியில்லை. குதிரைக்கு இரண்டு பக்கமும் கண் போகும், நேர் பின்னால் மட்டும் போகாது. லாரியோ நேர் பின்னால்தான் வந்தது. முதலில் அதன் சிவப்பு விளக்கு சுவரில் ஊரும். பிறகு உறுமல். பிறகு கிளீனர் பையன் தகரத்தில் தட்டுகிற சத்தம். தன் கண்ணுக்குத் தெரியாத சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் குதிரை இன்னும் பிறக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தௌலத் முன்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. விடிகாலையில் அருப்புக்கோட்டை ரோட்டில், கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்து ஓட்டிவந்தவன் லாரி செட்டின் ராக்காவல்காரன் மொக்கையன். தொடையில் சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு. அதோடு போனதே பெரிசு.

"நான் போய்ப் பாக்கையில என்ன தெரியுமாய்யா?" என்று மொக்கையன் அன்று சொன்னான். "குதிரை மரத்தோரமா நிக்கிது. நம்ம சந்துல திரியுமே அந்தச் செவலை நாயி, காது பாதி இல்லாதது, அது நடுரோட்டுக்கு வந்து வார போற லாரியையெல்லாம் மறிச்சுக் குலைச்சுக்கிட்டு நிக்கிது. வேகத்தைக் குறைக்காம ஒருத்தன் போவணுமே. இங்கேருந்து அம்புட்டுத் தூரம் கூடவே ஓடியிருக்குய்யா."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்தச் செவலை வந்து குதிரையின் பின்னங்கால் பக்கம் படுத்துக்கொள்ளப் பார்த்தது. அது இருந்தால் தௌலத் தலையைத் தொங்கப்போட்டு நின்றபடியே தூங்கியது. இல்லாவிட்டால் இலை அசைந்தாலும் துள்ளியது. இதை ராவுத்தரும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் போகுமுன் கம்பை எடுத்து நாயைச் சந்து முனைவரை விரட்டினார்.

ராவுத்தர் வீட்டு வாசலில் நாய் படுத்ததில்லை. அது வெறும் பழக்கமாக இருந்தால் விட்டிருப்பார். அவருடைய தகப்பனார், வீட்டுக்குப் பெண் எடுக்கப் பேசிய ஒரு சம்பந்தத்தையே அதற்காக முறித்தவர். பெண்ணைப் பற்றிக் குறை இல்லை, குடும்பத்தைப் பற்றிக் குறை இல்லை. பேசி முடிக்கப் போன இடத்தில், "வாசல்ல நாய் கட்டியிருக்காக" என்று ஒரே சொல்லோடு எழுந்து வந்துவிட்டார். அந்தச் சொல் தெரு முழுக்கப் பரவி, அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் அமையவே வருஷங்கள் ஆயின. அந்தப் பெண்ணின் அண்ணன் மகன்தான் லாரி செட்டுக் காதர் மைதீன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகனுக்குத்தான் நிக்காஹ்.

காதர் மைதீன் வெற்றிலைத் தட்டோடு வந்தார், வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டைக் கொடுத்துவிட்டு, "எங்க அம்மா ஆசைப்படுறாக, அதுனால கேக்குறேன். எனக்கென்னமோ அம்பாசிடர் காரு போதும்னு படுது. குதிரை பத்திரமா இருக்கும்ல? அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடிறாதே?" என்றார்.

"எங்க குதிரை மாப்பிள்ளையைக் கீழே போட்டதா இந்த ஊர்ல பேச்சு இல்லை" என்றார் ராவுத்தர்.

"இல்லை, இல்லை. ஆனா உடம்புல ஒரு கீறல் இருந்தாலும் அப்புறம் நான் காருக்குச் சொல்லிருவேன். என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

ஒரு தடவை கார் வந்தால் போதும். அடுத்த கல்யாணத்துக்குத் தட்டு வராது. காதர் மைதீனுக்கும் அது தெரியும், ராவுத்தருக்கும் தெரியும். நாயைத்தான் விரட்டியாகிவிட்டது, யாராவது குதிரைக்குப் பின்னால் கண் வைத்திருந்துதானே ஆக வேண்டும்? அதனால்தான் நாற்காலி.

அறுபத்தாறு வயதில் ராத்தூக்கம் கெட்டால் பகல் பகலாக இருக்காது. கடையில் கயிற்றை அளக்கும்போது எந்த முழத்தில் விட்டோம் என்று மறந்தது. தொழுகையில் தலையைத் தாழ்த்தினால் அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. கால் இரண்டும் வேறு யாருடையதோ போல் கனத்தன.

மனைவி சுல்தான் பீவி வாசல் நடையில் நின்று டீயை நீட்டினாள்.

"என்னைக் கட்டிக்கிட்டு வந்து நாப்பது வருசம் ஆச்சு. எனக்குக் காய்ச்சலு வந்தப்பக்கூட இப்படி ஒரு ராத்திரி முழிச்சதில்லை நீங்க."

"நீ கயித்தை அறுத்துக்கிட்டு ஓடலையே."

"ஓடியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் சுல்தான் பீவி. "குடிங்க, ஆறிப்போகுது."

மருமகள் சாதிகா கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, குதிரையைத் திருப்பிக் கட்டினா என்ன? மூஞ்சி சந்தைப் பாத்து இருந்துச்சுன்னா லாரி வாரது அதுக்கே தெரியும்ல?"

"வீட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டா?"

நூருல் அமீன் பேசினான். "அத்தா, கொடைக்கானல்ல சவாரிக்குக் கேக்குறாக. நல்ல எடம். அதுவும் நிம்மதியா இருக்கும், நாமளும் நிம்மதியா இருப்போம்."

"உன் மகன் நிக்காஹ்வுக்கு நீ கொடைக்கானல் போய்த் தட்டு வச்சுக் கேளு" என்றார் ராவுத்தர். மகன் உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரும்புகையில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் கூடவே நடந்து வந்தார். இளவயதுக்காரர், ஆனாலும் எல்லோரிடமும் அளந்து பேசுகிறவர். சந்து முனையில் படுத்திருந்த செவலையைப் பார்த்தார். ராவுத்தரின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததையும் பார்த்தார்.

"ராவுத்தர் அவுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால்நடையைக் காக்குறதுக்கு நாய் வச்சுக்கிறதுக்கு மார்க்கத்துல அனுமதி இருக்கு."

"தெரியும் ஹஜ்ரத்."

"அப்ப என்ன தடை?"

"மார்க்கம் அனுமதிக்கும்" என்றார் ராவுத்தர். "எங்க வாசல் அனுமதிக்காது."

ஹஜ்ரத் சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மொக்கையன் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு சங்கதி சொன்னான். நாய் பிடிக்கிற வண்டி கீழவாசல் பக்கம் வந்துவிட்டது, விடிந்தால் தெற்குவாசல். கழுத்தில் தோல் பட்டை இருந்து, சொந்தக்காரன் நேரில் நின்று என்னுடையது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். மற்றதையெல்லாம் கண்ணி போட்டு ஏற்றிவிடுவார்கள்.

"கயித்தைக் கட்டி விட்டாப் பத்தாதாம்யா. போன வருசம் அம்புட்டுப் பேரும் கயித்தைக் கட்டிட்டு எங்க நாயின்னுட்டாங்களாம். பட்டை வேணும்ங்கிறாங்க. எங்கிட்ட ஏது பட்டை?"

"நல்லதாப் போச்சு. தெரு சுத்தமாகும்" என்றார் ராவுத்தர்.

மொக்கையன் விளக்கை ஆணியில் மாட்டினான். "இந்த வெளிச்சத்துல கருப்புக் குதிரை எங்குட்டுத் தெரியுது? வாலுல ஒரு வெள்ளைத் துணியாச்சும் கட்டி விடுவோமா? டிரைவருக்குக் கண்ணுல படும்."

"வெள்ளைத் துணி மய்யித்துக்குப் போத்துறது."

"சரிய்யா. நான் ஒண்ணும் சொல்லலை" என்று மொக்கையன் செட்டுக்குப் போனான்.

அன்றைக்கு ராவுத்தர் கம்பை எடுக்கவில்லை. இரக்கமெல்லாம் இல்லை. எழுந்து முனைவரை நடந்து திரும்ப வேண்டுமே என்று நினைத்தபோது முழங்கால் மாட்டேன் என்றது. விடிந்தால் போகப்போகிற நாய், ஒரு ராத்திரிக்கு என்ன என்று விட்டுவிட்டார். செவலை கொஞ்ச நேரம் தள்ளியே நின்று அவருடைய கையைப் பார்த்தது. கம்பு இல்லை என்று தெரிந்ததும் வந்து குதிரையின் பின்னால் சுருண்டது. தௌலத் ஒரு நெடுமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. அந்த மூச்சு ராவுத்தருக்குள்ளும் இறங்கியது.

முதுகு நாற்காலியில் பட்டது அவருக்கே தெரியாது.

நாய் குலைக்கிற சத்தத்தில்தான் விழித்தார். குலைப்பு என்றால் சும்மா குலைப்பு இல்லை, தொண்டை கிழிகிற குலைப்பு. கண்ணைத் திறந்தால் சந்து முழுக்கச் சிவப்பு வெளிச்சம். லாரியின் பின்பலகை குதிரைக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. செவலை லாரிக்கும் குதிரைக்கும் நடுவில் காலை ஊன்றி நின்று சக்கரத்தைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"செட்டு வாசலைத் தாண்டி வந்துட்டனா? சனியன் பிடிச்ச இருட்டு. இந்த நாயி மட்டும் கத்தலைன்னா ஏத்தியிருப்பேன் அண்ணே."

"முன்னாடி எடு, முன்னாடி எடு" என்று மொக்கையன் ஓடி வந்தான்.

லாரி முன்னால் நகர்ந்தது. ராவுத்தர் எழுந்து குதிரையின் கழுத்தில் கை வைத்தார். துடிக்கவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பி நாயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றது. கயிறு தொய்வாகவே இருந்தது. பின்னால் பார்க்கத் தனக்குக் கண் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மொக்கையன் மடக்கு நாற்காலியைப் பார்த்தான். அதன் சாய்மானத்தில் ராவுத்தரின் தொப்பி கிடந்தது. எடுத்து உதறிக் கொடுத்தான்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்யா."

ராவுத்தர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். இத்தனை நாளும் முழித்திருந்த ராத்திரிகளை நினைத்துப் பார்த்தார். கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். லாரி வந்தபோதெல்லாம் குதிரையைப் போலவே அவரும் சத்தம் கேட்டுத்தான் பதறினார். அவர் காவல் காக்கவில்லை. தூங்காமல் இருந்தார்.

விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது வண்டி சந்து முனையில் நின்றது. கம்பி வலை போட்ட வண்டி. உள்ளே ஏழெட்டு நாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்ணியும் கம்புமாக இரண்டு பேர் இறங்கினார்கள். செவலை அவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. குதிரையின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. தௌலத் தரையைக் குளம்பால் தட்டியது.

"குதிரையைக் கொஞ்சம் நகத்துங்க பாய்" என்றான் ஒருவன். "கண்ணி போடணும்."

ராவுத்தர் வீட்டுக்குள் போனார். போனவர் உடனே வரவில்லை. உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சுல்தான் பீவி, "அதையா?" என்று கேட்டது வெளியே நின்றவர்கள் காதில் விழுந்தது.

வரும்போது கையில் நிக்காஹ் அன்று தௌலத்தின் கழுத்தில் போடுகிற பட்டை இருந்தது. கருந்தோலில் பித்தளைக் குமிழ் பதித்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னுகிற பட்டை. இன்னொரு கையில் கயிற்றுக்கடைக் கத்தி. நின்றவாக்கில், ஒரு முழம் விட்டு, குமிழ்களுக்கு நடுவே வைத்து அறுத்தார். பழைய தோல், சுலபத்தில் அறுபடவில்லை. பிறகு குனிந்தார். அவர் தெருவில் குனிந்து யாரும் பார்த்ததில்லை. செவலையின் கழுத்தில் பட்டையைச் சுற்றிச் சணலால் முடிந்தார். அது அவருடைய மணிக்கட்டை நக்கியது.

"எங்க வீட்டு நாய்" என்றார், நிமிர்ந்து.

கண்ணிக்காரன் பட்டையைப் பார்த்தான். "இம்புட்டு நேரம் இல்லையே பாய்?"

"இப்ப இருக்கு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சந்துக்குப் போனான். போகாதவர்கள் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து காதர் மைதீன் முன்னால் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் காத்திருந்து சாப்பாட்டுக்கு உட்காருகிறவனின் நிதானம் இருந்தது.

"எங்க அத்தாவோட தங்கச்சிக்குப் பேசின சம்பந்தத்தை உங்க அத்தா எதுக்காக முறிச்சாக, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எல்லாரும் கேட்டுக்கங்க, ஞாபகம் இருக்காம்" என்றார் காதர் மைதீன். யாரோ ஒருவர் கனைத்தார். "எங்க வாசல்ல நாய் இருந்தா வானத்து மலக்குகள் வர மாட்டாக. ராவுத்தர் வீட்டு வாசல்ல இருந்தா மட்டும் வருவாகளோ?"

ஹஜ்ரத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராவுத்தர் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். தன் வாசலுக்கு வந்த பேச்சுக்கு இன்னொருவர் பதில் சொல்வதை அவர் எப்போதும் அனுமதித்ததில்லை.

"அன்னைக்குச் சொன்ன சொல்லு எங்க அத்தாவோடது" என்றார். குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. "அது சரின்னு நான் சொல்ல மாட்டேன். தப்புன்னு எங்க அத்தாவை நடுத்தெருவுல வச்சுப் பேசவும் மாட்டேன். இந்த நாய் என்னோடது. இதுக்கு நான் பதில் சொல்லுவேன். நேத்து ராத்திரி உங்க லாரி என் குதிரை மேல ஏற இருந்துச்சு. இது நிறுத்துச்சு. நான் தூங்கிட்டேன்."

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் யாரிடமும் சொல்லாமலிருந்த ஒன்றை ராவுத்தர் ஊர் கூட்டிச் சொல்லிவிட்டார்.

"குதிரை உடம்புல கீறல் இல்லை. வந்து பாத்துக்கங்க. கழுத்துப் பட்டைதான் பாதி இருக்கும், அதைப் போட முடியாது. அது நடந்தா இந்த நாயும் பின்னாடி நடக்கும். இல்லாம அது ராத்திரியில நடக்காது. வேணும்னா சொல்லுங்க. கார்னா, தட்டை இப்பவே எடுத்துட்டு வரச் சொல்றேன்."

காதர் மைதீன் குதிரையைச் சுற்றி வந்தார். அவசரப்படவில்லை. தொடையில் ஆறிப்போன பழைய தழும்பைப் பார்த்தார். பித்தளைக் குமிழ் மின்னுகிற கழுத்தோடு தன்னையே முறைத்துக்கொண்டிருந்த செவலையைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்திருந்தது இதைவிடப் பெரிய சொல்லாக இருந்திருக்கலாம். ஆனால் ராவுத்தர் நிற்க முடியாமல் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்க அம்மா சன்னல்ல உக்காந்து பாக்கணும்ங்கிறாக" என்றார் கடைசியில். "குதிரையே வரட்டும்."

"நாயி?" என்றார் ராவுத்தர்.

"வரட்டும். சம்பந்தம் முறிஞ்ச எங்க மாமி உசுரோட இருந்திருந்தா அதுக்கும் ஒரு மாலை போட்டிருப்பாக."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. அது தமக்கு விழுந்த அடி என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் வந்ததும் சுல்தான் பீவி செம்பில் தண்ணீரோடு நின்றாள். நாய் நக்கிய மணிக்கட்டைக் காட்டினார். அவள் ஊற்ற ஊற்றக் கழுவினார்.

"அவரு பேசினது வலிச்சுச்சா?" என்றாள்.

"தூக்கம் வருது" என்றார். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடந்தது. முன்னால் பெட்ரோமாக்ஸ், பிறகு பைத் பாட்டுப் பாடுகிறவர்கள், பிறகு பட்டையில்லாத வெறுங்கழுத்தோடு தௌலத், மேலே மாப்பிள்ளை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ராவுத்தர், நாடியை உயர்த்தியபடி. குதிரைக்குப் பின்னால் பட்டை கட்டிய செவலை. ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சன்னலில் இருந்த கிழவி மட்டும் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. வெடி போட்டபோது குதிரை ஒரு தடவை காதைப் பின்னால் திருப்பியது. பிறகு நடந்தது.

மறுநாள் இஷா முடிந்ததும் ராவுத்தர் மடக்கு நாற்காலியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். வாசல் விளக்கை அணைக்கப் போன சாதிகா அங்கேயே நின்றாள்.

"மாமா, இங்க பாருங்களேன். குதிரை நம்ம வாசலைப் பாத்து நிக்கிது. அது மட்டும் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கு."

ராவுத்தர் எட்டிப் பார்த்தார். செவலை சந்து முனையைப் பார்த்தபடி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, முன்னங்கால்களில் மோவாயை வைத்துப் படுத்திருந்தது.

"காவல் காக்குறது அப்படித்தான் படுக்கும்" என்றார்.

"அப்ப குதிரையையும்..."

"வெளக்கு எரியட்டும்" என்றார் ராவுத்தர். "நீ போய்ப் படு."

அவரும் போய்ப் படுத்தார்.